பந்திவிசாரணை

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் ஒரு பழைய சொல் வருகிறது: பந்திவிசாரணை. எருசலேம் சபையில் அன்றாடம் சாப்பாடு பங்கிடும்போது கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு கிளம்புகிறது. உடனே சபையைக் கூட்டி, பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை உபதேசத்தில் வரவில்லை, கரண்டியில் வந்தது. சபை தன் முதல் நிர்வாகக் குழுவைப் போட்டதே யாருக்கு ஊற்றினோம், யாரை விட்டோம் என்ற கணக்கைச் சரிசெய்யத்தான்.

சேவையால் சாட்சி சொல்வது பற்றிப் பிரசங்கம் நிறைய உண்டு. கரண்டியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் வாரம் ஒருநாள், வியாழன் காலை 7 மணிக்கு, 150 பேருக்குக் கஞ்சி ஊற்றலாம் என்று ஒரு சபை முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் செய்வது, எங்கே சொதப்பும், விசுவாசம் அதில் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

ஏன் ஆஸ்பத்திரி வாசல்? உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரியே சாப்பாடு கொடுத்துவிடும். கூட இருக்கிறவருக்குக் கிடையாது. ராத்திரி வராந்தாவில் பெட்ஷீட்டை விரித்துப் படுத்தவர், காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுவாரோ என்று கட்டிலை விட்டு நகர மாட்டார். ஒரு டீ, ஒரு பன் என்று பத்து நாளை ஓட்டிவிடுவார். முதல் இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிடக் காசு இருக்கும். அதற்குப் பிறகுதான் வயிறு தெரியும்.

ஆனால் எடுத்தவுடன் அண்டா வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு வாரம் வெறுங்கையோடு போய் நின்று பாருங்கள். வளாகத்துக்குள் அம்மா உணவகம் இருக்கிறதா? 2013-ல் சென்னையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் காலையில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. பக்கத்திலேயே அது இருந்தால் காலைக் கஞ்சிக்கு அவசியம் குறைவு. ராத்திரி எட்டு மணிதான் பசிக்கிற நேரமாக இருக்கலாம். வேறு அமைப்பு ஏதாவது செவ்வாய், வெள்ளியில் சாப்பாடு கொடுக்கிறதா? அப்படியானால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். ஒரே காலையில் மூன்று வண்டி வந்து நிற்பதும் மறுநாள் ஒன்றுகூட வராததும் எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. பண்டிகை நாளில் பிரியாணிப் பொட்டலத்தை வாங்க ஆளில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது அனுமதி. ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலரை (ஆர்.எம்.ஓ.) பார்த்து ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் போதும்: எந்த நாள், எத்தனை மணி, வாசலின் எந்தப் பக்கம், என்ன உணவு, யார் பொறுப்பு, யாருடைய செல் நம்பர். அதே கடிதத்தில் வரிசையில் துண்டுப் பிரசுரமோ பிரசங்கமோ இருக்காது என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அவர் கேட்டுவிடுவாரே என்ற பயத்தில் எழுதுவதல்ல. ஏன் என்று பின்னால் வருகிறது. இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்று உணவுப் பாதுகாப்புப் பதிவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது உணவு வழங்கும் வேலைதான். சிறிய அளவுக்கான பதிவுக்குச் செலவும் அதிகமில்லை. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு காலையில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், வாசலில் கஞ்சி ஊற்றியவர்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

இனி அண்டா.

தென்மாவட்டச் சபைகளில் ஆயிரம் பேருக்கு அசனம், அதாவது சபை விருந்து, சமைக்க ஆள் உண்டு. சோறு வடிப்பார்கள், கறிக்குழம்பு இறக்குவார்கள், ஒரு பருக்கை குழையாது. ஆனால் கஞ்சி வேறு கை. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவரைத் தேடினால் பெரும்பாலும் பள்ளிவாசலில்தான் கிடைப்பார். வருஷத்துக்கு முப்பது நாள் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை அது. போய்க் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். பிறருக்குச் சேவை செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் பிறரிடம் போய்க் கற்றுக்கொள்கிறவர்களாக நிற்பது நல்ல ஆரம்பம் என்பது என் கட்சி.

அளவு இது. அரிசி நொய் 6 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, தண்ணீர் 60 லிட்டர். வெந்தயம் 100 கிராம், சீரகம் 100 கிராம், உரித்த பூண்டு அரை கிலோ, தட்டிய இஞ்சி 200 கிராம், உப்பு 300 கிராம். ஆவியாகிப் போனது போக சுமார் 60 லிட்டர் கஞ்சி நிற்கும். ஆளுக்கு 350 மில்லி என்றால் 170 டம்ளர். 150 பேருக்குப் போக மிச்சம் இருபது, கடைசியில் ஓடி வருகிறவர்களுக்கும் இரண்டாவது டம்ளர் கேட்கிறவர்களுக்கும். உப்பு குறைவாக இருக்கிறதே என்று நாக்கு சொல்லும். சொல்லட்டும். வரிசையில் ரத்தக் கொதிப்புக்காரர்கள் இருப்பார்கள். தூளுப்பை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிட்டால் வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

தேங்காய் வேண்டாம். தேங்காய்ப்பால் ஊற்றினால் ருசி கூடும் என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள். வெயில் ஏறினால் முதலில் ஊசிப்போவது அதுதான். தொட்டுக்கொள்ளத் துவையலுக்குப் பதிலாகப் பருப்புப்பொடி போதும். ஈரமில்லாததால் கெடாது, பரிமாறவும் சுலபம்.

80 லிட்டர் பிடிக்கிற அண்டா எடுங்கள். 60 லிட்டர் அண்டாவில் 60 லிட்டர் காய்ச்ச முடியாது, நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். 80-லும் பொங்கத்தான் பார்க்கும். ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் அடங்கும். நொய்யையும் பருப்பையும் கழுவி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் போட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டால் பருப்பு அடியில் போய்ப் படிந்து, தண்ணீர் சூடேறுவதற்குள் ஒட்டிக்கொள்ளும். போட்ட முதல் பதினைந்து நிமிஷம் துடுப்பு நிற்கவே கூடாது. அதற்குப் பிறகு தீயைக் குறைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும். அப்படியும் அடிப்பிடித்தால், முகத்தில் வாசம் அடித்த அந்த நொடியில் துடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள். சுரண்டினால் முழு அண்டாவும் போச்சு. மேலாக உள்ளதை அடியைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் முக்கால்வாசி தப்பும்.

60 லிட்டர் தண்ணீர் கொதி வரவே பெரிய பர்னரில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். 7 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்றால் அடுப்பு 4.15-க்குப் பற்ற வேண்டும், 6.15-க்கு இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கேஸ் ஆகும். 19 கிலோ சிலிண்டர் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வரும். சிலிண்டர் தீர்வது எப்போதும் கொதி வரும்போதுதான் என்பதால் எட்டாவது வாரமே இன்னொன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

கொண்டுபோவதில்தான் ஆபத்து. சூடு தாங்கும் 20 லிட்டர் கேன் மூன்று வேண்டும். கஞ்சியை ஊற்றுவதற்கு முன் கேனில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கேன் முதல் சூட்டைக் குடித்துவிடும். கஞ்சி 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. கஞ்சி ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மிஞ்சியதை மத்தியானம் வரை வைத்திருந்து கொடுக்கிற வேலை வேண்டாம். யாராவது மாடு வைத்திருப்பார், அவரிடம் சொல்லி வையுங்கள். கல்யாண மண்டபத்தில் ராத்திரி மிஞ்சிய சாதத்தைக் காலையில் எடுத்துக் கொடுக்கிறோம் என்று வரும் நல்ல மனதுக்காரர்களுக்கும் கைகூப்பி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

கஞ்சி நிற்க நிற்க இறுகும். வரிசையின் நடுவில் கூழாகி நிற்கும்போது குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். சூடும் போச்சு, சுத்தமும் போச்சு. அந்த 60 லிட்டரில் ஐந்து லிட்டரைக் கொதிக்கவைத்துத் தனி பிளாஸ்கில் கொண்டுபோனால் அதில் இளக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, எருசலேம் விதவைகளின் வழக்கு இங்கேதான் திரும்ப வருகிறது: கலக்காமல் ஊற்றினால் முதலில் நிற்பவருக்குத் தண்ணீர், கடைசியில் நிற்பவருக்குப் பருக்கை. பத்து டம்ளருக்கு ஒருமுறை அடிவரை கலக்க வேண்டும். கரண்டியும் ஒரே அளவுக் கரண்டியாக இருக்க வேண்டும். தெரிந்த முகத்துக்குக் கோபுரமாகவும் அழுக்குச் சட்டைக்குத் தளும்பாமலும் ஊற்றுவது கைக்குத் தெரியாமலே நடந்துவிடும். வரிசையில் நிற்பவருக்கு அது தெரியும்.

அரிசி எங்கிருந்து வரும்? ஒரு பெரிய மனிதர் மூட்டை மூட்டையாகக் கொடுத்தால் சுலபம்தான். ஆனால் அவர் ஊர் மாறினால் கஞ்சியும் ஊர் மாறிவிடும். பிடி அரிசி பழைய வழி, இன்றைக்கும் அதைவிட உறுதியான வழி இல்லை. தினமும் உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பது. ஒரு பிடி 40, 50 கிராம் வரும். மாதத்துக்கு வீட்டுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. முப்பது வீடு சேர்ந்தால் ஏறக்குறைய 40 கிலோ. நாலு வாரத்துக்குக் கஞ்சிக்கு 24 கிலோ போதும். மிச்சத்தை விற்றால் பருப்புக்கும் கேஸுக்கும் பாதியாவது தேறும். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் இப்படித்தான் சேர்க்கிறார்கள். காஞ்சி மடத்திலும் பிடி அரிசித் திட்டம் உண்டு. எந்த மதத்துக்கும் தனிப்பட்ட காப்புரிமை இல்லாத நல்ல வழக்கம்.

அதிலும் ஒரு சிக்கல். முப்பது வீட்டு அரிசி என்றால் பொன்னிப் புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, யாரோ ஒருவர் வீட்டுப் பாஸ்மதி எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். பச்சரிசி கரைந்த பிறகும் புழுங்கல் விதையாக நிற்கும். மொத்தத்தையும் மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்துவிட்டால் ஒரே பதத்தில் வேகும். நொய் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். உடைத்த அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். மாதத்துக்கு ஒருமுறை, வேண்டிய அளவு மட்டும் உடையுங்கள். பிடி அரிசியில் இன்னொரு லாபமும் உண்டு. 4 மணிக்கு எழுந்திருக்க முடியாத பாட்டியும் அந்தப் பந்தியில் இருக்கிறாள்.

வாசலுக்கு வருவோம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை போட்டு எறியும் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை. காகிதக் கப் என்று கடையில் கொடுப்பதிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். எவர்சில்வர் டம்ளர் 60 போதும், சுற்றிச் சுற்றி வரும். பலர் தூக்குவாளியோடு வருவார்கள். கழுவ மூன்று பேசின் வேண்டும்: முதலில் சோப்பு, அடுத்து நல்ல தண்ணீர், கடைசியில் கை பொறுக்காத வெந்நீர். இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள், துணியால் துடைக்காதீர்கள். துடைக்கிற துணிதான் மூன்று பேசினின் வேலையையும் கெடுக்கும்.

வரிசையின் தலையில் ஒருவர் நிற்க வேண்டும். அவருக்குக் கரண்டி வேலை இல்லை, கேள்வி கேட்பது மட்டும்தான் வேலை.

“அக்கா, இது உங்களுக்கா, உள்ள படுத்திருக்கிறவங்களுக்கா?”

“அவருக்குத்தான் தம்பி. நான் டீ குடிச்சிட்டேன்.”

“அவருக்கு இன்னைக்கு ஆபரேஷன், ரத்த டெஸ்ட்டு, ஸ்கேனு ஏதும் சொல்லியிருக்காங்களா?”

“ஏதோ ஆபரேஷனுன்னு நேத்து சொன்னாங்க...”

“அப்ப நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுங்கக்கா. இதை நீங்க குடிங்க. அவருக்கு நான் எடுத்து வைக்கிறேன்.”

ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னவருக்கு ஒரு டம்ளர் கஞ்சி போனால், அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். மயக்க மருந்து கொடுத்த பிறகு வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுப்பார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காத கருணை அங்கே தேவையில்லை.

இனி யார் என்ன வேலை செய்வது. ஒரு வியாழனுக்கு எட்டுப் பேர் வேண்டும்: அடுப்பில் இருவர், ஊற்ற இருவர், வரிசையில் ஒருவர், கழுவ இருவர், வண்டிக்கு ஒருவர். மூன்று செட் அமைத்தால் ஆளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். இதில் எல்லாரும் ஊற்றத்தான் நிற்பார்கள். கழுவுகிற பேசின் பக்கம் யார் உட்காருகிறார்கள் என்று இரண்டு மாதம் கவனியுங்கள். பெரும்பாலும் அதே இரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள், அவர்கள் எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சேர்ந்து உட்கார மறுத்து வெளியே போனவர்கள் உண்டு. அந்தக் கதை முடிந்துவிட்டதா என்பதற்குப் பேசினைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குருவானவர் பெயரும் அந்தச் சீட்டில் இருக்கட்டும். மேலறையில் எஜமானான இயேசுவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவக் குனிந்தார் என்று வருஷா வருஷம் பெரிய வியாழனில் வாசிக்கிறோமே.

இனி பேச்சுக்கு வருவோம்.

டம்ளரோடு கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) கொடுப்பதில்லை, ஊற்றுவதற்கு முன் வரிசையை நிறுத்தி ஜெபிப்பதில்லை, முதுகில் வசனம் அச்சடித்த டி-ஷர்ட் இல்லை, போட்டோ இல்லவே இல்லை. “அப்படியானால் சுவிசேஷம் எங்கே?” என்று சபையில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பசியோடு நிற்கிறவரால் கைப்பிரதியை மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் வைத்து நீட்டுவது அறிவிப்பாகாது, விலையாகிவிடும். கஞ்சிக்கு அவர் காதால் காசு கட்டுகிறார். அப்பம் தின்று திருப்தியானதால் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்து இயேசுவே அதை முகத்துக்கு நேராகச் சொன்னார், யோவான் 6-ல் இருக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, இன்றைய ஆந்திராவில் உள்ள ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். அரசு பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டியபோது, ஒரு பகுதியை அவரே கான்ட்ராக்ட் எடுத்தார். கஞ்சித் தொட்டி வைக்காமல் கூலி கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மண் வெட்டிப் பிழைத்தார்கள். பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் ஓராண்டுக்கும் மேலாக ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பஞ்சம் தணிந்து, நிவாரண வேலை நின்று, இனி அவரிடம் வாங்க எதுவும் இல்லை என்றான பிறகும் கூட்டம் வந்தது. 1878 ஜூலை 3-ம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அதற்கு முன்னால் அவர் காத்திருந்த காலத்தைச் சொல்வதில்லை. அந்தக் காத்திருப்புதான் அந்த எண்ணிக்கைக்கு நாணயம் கொடுத்தது.

மதமாற்றத் தடைச் சட்டம் வந்துவிடும் என்று பயந்து வாயை மூடுவது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த அப்படியொரு சட்டம் 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இல்லாத ஊரிலும் இந்த ஒழுங்கு வேண்டும் என்பதே பேச்சு.

பேதுருவின் முதல் நிருபம், 3-ம் அதிகாரம் 15-ம் வசனத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று பிடிபடும். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேள்வி முதலில், பதில் பிறகு. கேள்வி வராத இடத்தில் என்ன செய்வது? அடுத்த வியாழனும் 7 மணிக்குப் போய் நிற்பது. நாலாவது வாரமோ பத்தாவது வாரமோ கேள்வி தானாக வரும். ஆனால் நாம் எதிர்பார்க்கிற கேள்வியாக இருக்காது.

“எந்தக் கட்சிப்பா நீங்க?”

“கட்சி இல்லீங்க ஐயா.”

“அப்ப ஏதும் வேண்டுதலா?”

“சர்ச்சுல இருந்து வர்றோம் ஐயா. இயேசு சாமி எங்களுக்குச் செஞ்சது நிறைய. எங்களால ஆனது இது.”

அவ்வளவுதான். அங்கே நிறுத்துவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அவர் மேலே கேட்டால் மேலே சொல்லலாம், கஞ்சி ஊற்றி முடித்த பிறகு, வேப்பமரத்தடியில், அவர் சாப்பிட்டு முடித்து எழுந்து போகவும் வழி இருக்கிற நிலையில். பேச்சில் சபைத் தமிழ் வேண்டாம். ‘ஆத்தும பாரம்’, ‘இரட்சிப்பின் சந்தோஷம்’, ‘ஸ்தோத்திரம் பிரதர்’ எல்லாம் உள்வீட்டுப் பாஷை. வெளியே நிற்பவருக்கு அது மருந்துச் சீட்டில் உள்ள கையெழுத்து மாதிரி. ‘ஊழியம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தலாம். பழைய திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். இன்று மைக் பிடிப்பதற்கு வைத்திருக்கிறோம். பேசின் பக்கத்துக்குத்தான் அது பொருத்தம்.

சிலர் ஜெபிக்கச் சொல்லிக் கேட்பார்கள். கேட்டால் தயங்க வேண்டாம். நோயாளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிஷம். தலையில் கை வைப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெண் நோயாளி என்றால் பெண்கள் போகட்டும். “சுகமாயிடும்” என்று வாக்குக் கொடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. எல்லாவற்றையும்விடக் கெட்டது, ஜெபித்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்தவிடுவது. காசநோய் மருந்தை வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதம் இருமல் நின்றதும், சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டு மருந்தை நிறுத்தினால், திரும்பி வரும் நோய் மருந்துக்கு அடங்காததாக வரும். இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே ஐ.சி.யூ. ஜெபித்து முடித்ததும் “மாத்திரையை விட்டுறாதீங்க” என்று சொல்வதை ஜெபத்தின் கடைசி வரியாகவே வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் “தேவ சித்தம்” என்று சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. அந்த நேரத்தில் சொல்லத் தெரிய வேண்டியது 155377, அரசின் இலவச அமரர் ஊர்தி எண். ஊருக்கு உடலைக் கொண்டுபோக வேன்காரர் சொல்லும் வாடகையைக் கேட்டு நிலைகுலைந்து நிற்பவருக்கு, அந்த ஆறு இலக்கம் அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

ஆறு மாதம் நின்ற பிறகு கஞ்சியைவிட வேறு தேவைகள் கண்ணில் படும். கூட இருப்பவர் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் கட்டிலருகே உட்கார ஆள். எக்ஸ்ரே எந்தக் கட்டடம், எந்த அறை என்று சீட்டைப் படித்துக் கூட்டிப்போக ஆள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் சேர்த்து விண்ணப்பம் நிரப்ப ஆள். வாலிபர் சங்கத்தில் ரத்த வகைப் பட்டியல் ஒன்று வைத்திருங்கள். 18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பெயருக்கு நேரே கடைசியாகக் கொடுத்த தேதி இல்லாத பட்டியல் ராத்திரி 11 மணிக்கு உதவாது. ஒரே வகைக்காரர்கள் எல்லாரையும் ஒரே முகாமில் கொடுக்க வைத்துவிட்டால், அடுத்த மூன்று மாதத்துக்கு அவசரத்துக்கு ஆளிருக்காது.

பெரும்பாலான முயற்சிகள் எங்கே நிற்கின்றன தெரியுமா? லெந்து என்ற தவக்காலத்தில் சாம்பல் புதனன்று உற்சாகமாக ஆரம்பித்து, ஈஸ்டர் முடிந்த மறுவாரம் அண்டா ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். நாற்பது நாள் தினமும் கொடுப்பதைவிட, மூன்று வருஷம் வாரம் ஒருமுறை கொடுப்பது பத்து மடங்கு கடினம், பலனும் அப்படித்தான். கொடுக்க முடியாத வாரம் என்றால் முந்தின வாரமே வரிசையில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வராத ஒரு வியாழன், வந்த இருபது வியாழனைத் தின்றுவிடும். வருவார்கள் என்று நம்பி டீக்காசையும் மிச்சம் பிடித்தவர் அன்றைக்கு வாசலில் நிற்பார்.

டிசம்பர் 25 வியாழனில் விழும் வருஷம்தான் பெரிய பரீட்சை. ஆராதனை விடியற்காலையில், பாடகர் குழு, புதுச்சட்டை, கேக் என்று எல்லாருக்கும் வேலை இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கிறிஸ்துமஸ் லீவு கிடையாது. அன்றைக்கு மூன்று செட்டையும் கலைத்துப் போடுங்கள். முந்தின நாள் நள்ளிரவு ஆராதனைக்குப் போனவர்கள் அடுப்பைப் பார்க்கட்டும், விடியற்கால ஆராதனை முடிந்தவர்கள் பட்டுப்புடவையோடு நேரே வாசலுக்கு வந்து பேசினில் உட்காரட்டும். கஞ்சியில் முந்திரி, திராட்சை போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடலாம், 60 லிட்டருக்கு அரை கிலோ போதும். ஆனால் பத்து டம்ளருக்கு ஒருமுறை அடிவரை கலக்க மறக்காதீர்கள். முந்திரி மிதக்கும், முதல் இருபது பேருக்கே போய்விடும்.